பீங்கானில் ஒரு கோடு

எனக்குச் சீனன்குடாவில் வேலை,
மா ஆலையில்.
இருபத்திரண்டு வருடம் மூட்டை நிறுத்தவன்.
ஐம்பது கிலோவில் ஒரு பிடி குறைந்தாலும்
தராசு சொல்லுமுன் என் கை சொல்லும்.
என் இரத்தத்தில் ஏறிக்கொண்டிருந்ததை மட்டும்
கால்விரல் புண் ஆறாத அந்த மாசி வரைக்கும்
நான் நிறுத்துப் பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை கிளினிக்.
விடிய ஐந்தரைக்கு வெறுவயிற்றோடு நம்பர் எடுத்து
பதினொன்றுக்கு உள்ளே போனேன்.
மிஸ் றிஸ்மினா கொப்பியைத் திறந்து கேட்டா:
காலமை என்ன சாப்பாடு?
பாண்.
எத்தனை துண்டு?
துண்டோ? றாத்தல், மிஸ்.
வாங்கிலிருந்த கிண்ணியாக்காரர் குலுங்கிச் சிரித்தார்.
தன் முறை வந்தபோது
அவரும் றாத்தல் என்றுதான் சொன்னார்,
குரலைக் கொஞ்சம் தாழ்த்தி.

மிஸ் கடதாசியில் ஒரு வட்டம் கீறினா.
குறுக்கே ஒரு கோடு. பாதி மரக்கறி.
மற்றப் பாதியைத் திரும்பப் பிளந்து
கால்வாசி மீன், இல்லாட்டிப் பருப்பு,
கால்வாசி சோறு, சிவப்பரிசி என்றால் நல்லது.
குவிக்கவும் கூடாது, என்றா.
கோணேசர் மலை நினைவில் வந்தது.
வாயைத் திறக்கவில்லை.

அன்றிரவே தவமலர்
மகளின் கியூட்டெக்ஸ் போத்தலைத் திறந்து
என் பீங்கானில் அதே கோடுகளை இழுத்தாள்.
இரத்தச் சிவப்பு. நேர்கோடுமில்லை.
எங்கள் வீட்டில் முதல்முறையாக
ஒரு எல்லை
சண்டை இல்லாமல் போடப்பட்டது.

வல்லாரைச் சம்பல், பாவற்காய்,
ஐந்து ரூபாய் குறைத்துக் கேட்டு வாங்கிய சாளை.
"இலையை முதல் தின்னுங்கோ, சோறு ஓடாது."
அது ஓடவில்லைதான்.
நானும் விடவில்லை கண்ணை,
கடைசிப் பஸ்ஸைப் பார்க்கிறவன்போல.
பிளேன்ரீயில் சீனி போனது.
வத்தகப்பழச் சாறு போனது, பழம் ஒரு கீற்று மிஞ்சியது.
பிட்டு மட்டும் கனவில் வந்தது, குழலோடு.

சாப்பிட்ட கையோடு நடக்கச் சொன்னா மிஸ்.
டச்பே கரையில் நடந்தேன்.
பஸ் நிலையத்தடியில் புள்ளிமான் ஒன்று
யாரோ எறிந்த பாணைத் தின்றுகொண்டிருந்தது.
வெள்ளைப் பாண், முழுசாய் அரை றாத்தல்.
உனக்கு ஆர் கொப்பி போடுறது, என்றேன்.
அது காதை ஆட்டிவிட்டுத் தின்றது.

பிறகு நான் ஒரு கெட்டித்தனம் செய்தேன்.
அடுத்த கிளினிக்குக்கு இரண்டு நாள் இருக்க,
சாப்பாட்டையே நிறுத்தினேன்.
குளிசையை மட்டும் நேரத்துக்குப் போட்டேன்.
இரவு முறை. ஒன்றரை மணி.
நாற்பத்தொன்பது, ஐம்பத்தொன்று, நாற்பத்தொன்பது,
தராசு ஆடுகிறதென்று கத்தினேன்.
தராசு ஆடவில்லை.
வேர்வை மாவில் விழுந்து உருண்டை உருண்டையாய்
ஒட்டிக்கொண்டது.
ஜயந்த ஓடிவந்து என்னை மூட்டையில் இருத்தி
நாலு கரண்டி சீனி போட்ட தேத்தண்ணியை
வாயில் வைத்தான்.
"பொன்ன, பொன்ன," என்றான். குடி, குடி.
எட்டு மாதத்துக்குப் பிறகு இனிப்பு.
அழுதது நடுக்கத்திலா ருசியிலா
எனக்குத் தெரியாது. அவனும் கேட்கவில்லை.

மிஸ்ஸிடம் சொன்னேன்.
ஏசுவா என்று நினைத்தேன். ஏசினா.
"ரெண்டு நாள் பட்டினி கிடந்து
காலமைச் சீனியை ஏமாத்தலாம்.
இந்தப் பரிசோதனை மூண்டு மாதக் கணக்கு.
ஒரு நேரமும் விடக்கூடாது. விட்டால் குளிசையைப் பற்றிக்
கேட்டுட்டுச் செய்யோணும்."
ஆளை அறியாத தராசு அது, ஆர் ஏறினாலும் ஒரே கணக்கு.
எனக்கு மரியாதை வந்துவிட்டது.

இப்போது பீங்கானில்
மீன்பக்கக் கோடு நல்ல வடிவாய் இருக்கிறது.
மரக்கறிக் கோட்டில் ஒரு சின்னக் கீறல்.
சோற்றுக் கோடுதான் முதலில் அழிந்தது.
கழுவிக் கழுவிப் போயிற்று என்கிறேன் நான்.
வழிச்சு வழிச்சு என்கிறாள் தவமலர்,
போத்தலை மகளிடம் திரும்பக் கேட்டபடி.